முப்பத்தெட்டாம் நம்பர்

— அதெல்லாம் இருக்கட்டும்டா தம்பி. காலையில உன் வண்டியில ரெண்டு பெட்டி ஏறுச்சு. நான்தான் கதவைப் பிடிச்சுட்டு நின்னேன். இப்ப ஏன் ஒரு பெட்டி கூட இறங்கல?

— அக்கா, நாலு மணி நேரம் ஸ்டியரிங் பிடிச்சுட்டு வந்திருக்கேன். முதல்ல ஒரு டீ குடு.

— டீ கொதிக்குது. அது கொதிக்கற வரைக்கும் நீ வாயத் திற. உங்க மாமா எங்க?

— தெருமுனையில இறங்கிட்டாரு. கடையத் திறந்து ஒரு சின்ன வேலை பாத்துட்டு வரேன்னாரு.

— ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கண்ணாடிக் கடையில என்ன வேலை? எந்தக் கண்ணு அவருக்காகக் காத்துட்டிருக்கு?

— கையில ஒரு துணிப்பை வச்சிருந்தாரு. வழி முழுக்க அதை மடியை விட்டு இறக்கல. பின் சீட்டுல வைங்க மாமான்னேன். வேணாம் மாப்ள, இருக்கட்டும்னுட்டாரு. கடையில அந்தப் பெரிய லென்ஸ் இருக்கு பாரு, விளக்கு வச்சது, அதுக்கடியில வச்சுப் பாக்கத்தான் போயிருக்காருன்னு நெனக்கிறேன்.

— அப்படின்னா அந்த சர்க்கஸ் சித்திரக்கதையில முப்பத்தெட்டாம் நம்பர் புத்தகம் கெடைச்சிருச்சா?

— கெடைச்சுது. அதை வரைஞ்ச ஓவியரே தன் கையால எடுத்து மாமா கையில குடுத்தாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்.

— சரி. ஒண்ணு வந்துச்சு. பெட்டியில ஏத்தின மத்த அறுபத்து மூணு எங்கடா போச்சு?

— சொல்றேன் கேளு. நடுவுல பிரேக் போடாத.

— நான் போடல. நீ முதல்ல வண்டிய எடு.

— அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. இந்த முப்பத்தெட்டாம் நம்பர் இதுக்கு முன்னாடி எத்தனை தடவை மாமா கைக்கு வந்திருக்கு?

— ஏழு தடவை. எனக்கு அந்த சர்க்கஸ்காரியோட இருபத்து மூணு வருஷக் குடித்தனம், எண்ணாம இருப்பேனா? முதல்ல வந்ததுல எண்ணெய்க் கறை. ரெண்டாவதுல நடுப் பக்கம் நாலு காணோம். மூணாவதக் கரையான் தின்னிருந்துச்சு. நாலாவதுல எவனோ ஒருத்தன் ஊஞ்சல் ராணிக்குப் பேனாவால மீசை போட்டு வச்சிருந்தான், அட்டையில இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும், ஒரு படம் விடாம. அஞ்சாவது மழையில நனைஞ்சது. ஆறாவதுக்கு என்ன குறைன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பின்னுல துரு இருக்குன்னாரு. ஒரு கடுகளவு துரு. ஒவ்வொண்ணையும் அரை மணி நேரம் லென்ஸ் வச்சுப் பாப்பாரு. அப்புறம், 'கிளியரா இல்ல, வேணாம்'னு குடுத்தவங்ககிட்டயே குடுத்துட்டு வந்துருவாரு.

— ஏழாவது?

— ஏழாவது நான் வாங்கினது.

— நீயா? எனக்குச் சொல்லவே இல்ல.

— சொல்றதுக்கு என்ன இருக்கு. பழைய பேப்பர் கடைக்காரர்கிட்ட ரெண்டு வருஷம் சொல்லி வச்சிருந்தேன். உங்க மாமா பிறந்த நாள் அன்னைக்குக் குடுத்தேன். அட்டை கிடையாது. ஆனா உள்ள ஒரு பக்கம் குறையல, நானே எண்ணிப் பாத்தேன். வாங்கிப் பாத்தாரு. 'ரொம்ப தேங்க்ஸ்மா'ன்னாரு. அப்புறம் பழைய பிரேம் கேட்லாக் எல்லாம் கிடக்கற கீழ்த்தட்டுல கொண்டு போய் வச்சு, மேல ஒரு சீட்டு ஒட்டினாரு. டூப்ளிகேட்னு. ஒரிஜினலே இல்லாத வீட்டுல டூப்ளிகேட் எங்கேயாவது பாத்திருக்கியா?

— அக்கா.

— வருத்தமெல்லாம் இல்ல. அப்பவே நேரா கேட்டேன். நான் மருந்து குடுக்கற வேலை பாக்கறவ. பத்து நாள் மாத்திரை எழுதினா பத்து நாளும் முழுங்கணும், பட்டை கசங்கியிருக்குன்னு ஒரு நாளை விட்டா உடம்பு தேறுமான்னேன். அதுக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'அந்த இடம் காலியா இருந்தா காலியா மட்டும்தான் இருக்கும்மா. அழுக்கா இருக்காது'ன்னாரு. இந்தா டீ.

— நல்லா இருக்கு. சரி, சொல்றேன் கேளு. அந்த ஓவியர் வீடு ஒரு டயர் கடைக்கு மேல இருக்கு. குறுகலான படி. ரெண்டு பெட்டியையும் நான் தூக்கிட்டுப் போறேன், மாமா எனக்கு முன்னாடி பின்பக்கமா ஏறிட்டே வராரு, பெட்டி சுவத்துல இடிக்காம பாத்துக்கறாராம். மேல போனா ஒரே எலும்பு.

— எலும்பா?

— படம்தான். சுவரெல்லாம் எலும்புப் படம். கொடியில துணி காயப் போடற மாதிரி கிளிப் மாட்டி, கை எலும்பு, கால் எலும்பு, முதுகுத் தண்டு. சித்திரக்கதை நின்னு போனதும் அவரு டாக்டருக்குப் படிக்கறவங்களுக்குப் படம் வரையற வேலைக்குப் போயிட்டாராம். முப்பது வருஷம் அதேதான். ஆளு சின்னதா இருக்காரு, நகக்கண்ணெல்லாம் கறுப்பு மை. மாமாவ உக்கார வச்சு, 'என்ன தொழில்'னு கேட்டாரு. கண்ணாடிக் கடைன்னதும் அதோட முடிஞ்சுது. கடைசி வரைக்கும் மாமாவுக்குக் கண்ணாடிக்காரர்னுதான் பேரு.

— இவரு எதுக்கு வந்தோம்னு சொன்னாரா, இல்ல வழக்கம் போல சுத்தி வளைச்சாரா?

— பேசவே இல்ல. பெட்டியத் திறந்து வச்சாரு. அவ்வளவுதான். பொண்ணு பாக்கப் போன இடத்துல பையன் கம்முனு உக்காந்திருப்பான் பாரு, அப்படி. ஒவ்வொரு புத்தகமும் தனித்தனிக் கவர்ல. உள்ள நீ மாத்திரை டப்பாவுல இருந்து எடுத்துக் குடுப்பியே, ஈரம் உறிஞ்சற குட்டிப் பொட்டலம், அது வேற. பெரியவரு அதைப் பாத்துட்டு, 'இவ்வளவு நல்லா யாரும் என்னையே வச்சுக்கிட்டது இல்லையே'ன்னாரு. மாமாவுக்கு முகமெல்லாம் பல்லு.

— இருக்காதா.

— அது ஒரு நிமிஷம்தான். பெரியவரு ஒண்ணாம் நம்பர எடுத்தாரு. கவரை உருவினாரு. மாமா கைக்குட்டைய நீட்டறாரு, கையத் துடைச்சுக்கட்டும்னு. அதுக்குள்ள அவரு கட்டை விரலை நாக்குல தொட்டுப் பக்கத்தப் புரட்டிட்டாரு.

— எச்சில் தொட்டா?

— எச்சில் தொட்டு. மாமாவுக்கு மூச்சு நியூட்ரல்ல நின்னுது. நான் பாத்தேன்.

— கல்யாணமான புதுசுல நான் ஒண்ண எடுத்துப் படுத்துக்கிட்டே படிச்சேன்னு மூணு நாள் என்கூடப் பேசல இந்த மனுஷன். அதுக்கப்புறம் நான் அந்த அலமாரிக் கண்ணாடிய வெளியில இருந்து துடைக்கறதோட சரி. மேல சொல்லு.

— பெரியவரு ஒண்ணாம் நம்பர் பாத்தாரு, ரெண்டு பாத்தாரு, மூணு பாத்தாரு. முகம் சுருங்கிட்டே வருது. அப்புறம் நடுவுல இருந்து ஒண்ணு, கடைசியில இருந்து ஒண்ணு எடுத்தாரு. எடுத்து வச்சுட்டு, 'எல்லாத்துலயும் அப்படித்தானா'ன்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டாரு. மாமாகிட்டத் திரும்பி, எத்தனை வருஷமா இதை வச்சிருக்கீங்கன்னு கேட்டாரு. இருபத்தாறு வருஷம்னாரு மாமா. லென்ஸ் வச்சுப் பாப்பீங்களான்னாரு. வாராவாரம் பாப்பேன்னாரு மாமா, பெருமையாவே சொன்னாரு. 'அப்ப இவளுக்கு ரெண்டும் இடது கைங்கறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே'ன்னாரு.

— யாருக்கு?

— ஊஞ்சல் ராணிக்கு.

— என்னடா உளர்ற.

— நான் சொன்னா பொய்யா இருக்கும். உன் ரெண்டு கையையும் தூக்கு. மேல ஒரு கம்பி இருக்குன்னு நெனச்சுக்கோ, அதைப் பிடி. கரண்டிய கீழ வச்சுட்டுப் பிடி. ஆங். கட்டை விரல் ரெண்டும் எப்படி இருக்கு?

— உள்பக்கமா. ஒண்ணை ஒண்ணு பாத்துட்டிருக்கு.

— அவளுக்கு அப்படி இல்ல. இடது கையில கட்டை விரல் உள்ள பாக்குது. வலது கையில வெளிய பாக்குது, போற பஸ்ஸை நிறுத்தற மாதிரி. அறுபத்து நாலு நம்பர்லயும், ஒவ்வொரு படத்துலயும். அப்படித் தொங்கினா அடுத்த ஊஞ்சலுக்குப் போக மாட்டா, ஆஸ்பத்திரிக்குத்தான் போவா.

— இரு. அது எப்படி ஒரு ஓவியனுக்குத் தெரியாமப் போகும்?

— அதைத்தான் நானும் கேட்டேன். அவரு சிரிச்சாரு. அப்பல்லாம் அச்சகத்துலயே ஒரு மூலையில உக்காந்து தனியா வரைவாராம். கை வரையணும்னா தன் கையப் பாத்துத்தான் வரையணும். வலது கையில பிரஷ் இருக்கு. சும்மா இருக்கறது இடது கை. அதையே பாத்துப் பாத்து வரைஞ்சா, வரைஞ்ச கையெல்லாம் இடது கை. யாரும் கவனிக்கல, அவரும் கவனிக்கல. எலும்புப் பட வேலைக்குப் போன முதல் நாள், வரைஞ்ச படத்தை அங்க பாடம் நடத்தற வாத்தியார் எடுத்துப் பாத்துட்டு, 'எந்த ஊர் மனுஷனுக்கய்யா ரெண்டும் இடது கை'ன்னு கேட்டிருக்காரு. அப்பத்தான் இவருக்குச் சுரீர்னு பட்டுச்சாம். அன்னையில இருந்து அந்த அறுபத்து நாலும் மனசுல முள்ளு.

— பாவம்.

— ஆனா அவருகிட்ட ஒரு பிரதிகூடக் கிடையாது, முப்பத்தெட்டத் தவிர. வீடு மாத்தறப்போ எல்லாம் போயிருச்சு. அது ஒண்ணு மட்டும் எலும்புப் படக் கட்டுக்கு நடுவுல மாட்டிக்கிட்டுத் தப்பிச்சிருக்கு. அதை எடுத்துட்டு வந்து காட்டினாரு பாரு. மெழுகுத் தாள்ல சுத்தி வச்சது. இன்னைக்குக் காலையில அச்சடிச்ச மாதிரி இருக்கு, அக்கா. பின் பளபளன்னு. ஓரம் கத்தியால வெட்டின மாதிரி. மாமா அதைத் தொடல. பாத்துட்டே இருந்தாரு.

— அப்புறம் என்ன? கேட்டு வாங்கிட்டு வர வேண்டியதுதானே.

— பெரியவரே குடுத்தாரு. 'எடுத்துக்கோங்க, உங்க கூட்டத்துல சேத்துடுங்க. ஆனா நீங்க எனக்கு ஒரு உதவி பண்ணணும். அந்த அறுபத்து மூணையும் நாலு மாசத்துக்கு என்கிட்ட விட்டுட்டுப் போங்க. இவ வலது கையச் சரி பண்ணிக் குடுத்துடறேன்'னாரு.

— சரி பண்றதுன்னா?

— தப்பான கை மேல வெள்ளை பெயிண்ட் பூசுவாராம். காஞ்சதும் மேல கறுப்பு மையால சரியான கைய வரைவாராம். ஒரு நாளைக்கு இத்தனை கைன்னு கணக்குப் போட்டு வச்சிருக்காரு.

— அச்சடிச்ச புத்தகத்து மேலயா? உங்க மாமா புத்தகத்து மேலயா?

— அதே மேலதான்.

— நீ பாத்துட்டு நின்னியா? ஏன்டா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாது? ஈரம் படக் கூடாது, வெயில் படக் கூடாதுன்னு இருபத்தாறு வருஷம் பொத்திப் பொத்தி வச்சிருந்த மனுஷன்டா அவரு. வீட்டுக்குள்ள நான் திட்டுவேன், அது வேற. வேற ஒருத்தர் வந்து அதுல மை பூசறதுக்கா நான் ஆஸ்பத்திரியில இருந்து பொட்டலம் பொறுக்கிட்டு வந்தேன்? போனைக் குடு. அந்த ஓவியர் நம்பர் இருக்கா?

— அக்கா, உக்காரு. மாமா உடனே சரின்னு சொல்லல.

— பின்ன?

— 'கொஞ்சம் கீழ போயிட்டு வரேன்'னாரு. ஒண்ணாம் நம்பர மட்டும் கையில எடுத்துக்கிட்டு இறங்கிட்டாரு. நானும் பின்னாடியே போனேன். வண்டி மேல சாஞ்சுக்கிட்டு நிக்கறாரு. நான் எனக்குத் தெரிஞ்ச வழியச் சொன்னேன். 'மாமா, பென்சில்ல வரையச் சொல்லுங்க. வீட்டுக்குக் கொண்டு வந்து ரப்பர் வச்சு அழிச்சுக்கலாம்'னு.

— உனக்குப் போய் அக்காவாப் பொறந்தேன் பாரு.

— அவரும் அப்படித்தான் பாத்தாரு. அப்புறம் கேட்டாரு. 'மாப்ள, நான் இத்தனை நாளா எதைப் பாத்தேன்'னு. அவரே பதிலும் சொன்னாரு. 'பின்னு துருப்பிடிச்சிருக்கா, மூலை மடங்கியிருக்கா, பேப்பர் பழுப்பா இருக்கா, இதைத்தானே பாத்தேன். படத்தைப் பாக்கவே இல்லையே. கடைக்கு வர்றவங்ககிட்ட எது கிளியராத் தெரியுது, எது தெரியலன்னு நாள் பூரா கேக்கறவன் நான்'னாரு.

— அப்படியா சொன்னாரு?

— ஆமா. சொல்லிட்டு ரெண்டு கையையும் மேல தூக்கினாரு. நடுத்தெருவுல. உனக்கு இப்பச் சொன்னேனே, அந்த மாதிரி கம்பிய பிடிக்கறாரு, விடறாரு, திருப்பிப் பிடிக்கறாரு. டயர் கடைக்காரர் எட்டிப் பாத்து, 'சாருக்கு லாரி ஓட்டக் கத்துக்கணுமா'ன்னு என்கிட்டக் கேக்கறாரு. மாமாவுக்கு அதெல்லாம் காதுல விழல. வெளிய அடுக்கி வச்சிருந்த ஒரு டயர் மேல உக்காந்தாரு. ஒண்ணாம் நம்பரைக் கவர்ல இருந்து எடுத்தாரு. படிக்க ஆரம்பிச்சாரு.

— வெயில்லயா?

— உச்சி வெயில்ல. அட்டையில இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும். நடுவுல ஒரு இடத்துல சிரிச்சாரு. நான் ரெண்டு டீ குடிச்சு முடிச்சுட்டேன்.

— கைக்குட்டை?

— பாக்கெட்லயே இருந்துச்சு. அப்புறம் உன்னைப் பத்தி ஒண்ணு சொன்னாரு. சொல்லலாமான்னு தெரியல.

— சொல்லு.

— புத்தகத்தை மூடிட்டு, 'உங்க அக்கா ஒரு முப்பத்தெட்டு வாங்கிட்டு வந்தா மாப்ள. அட்டை இல்லாம. கதை முழுசும் இருந்துச்சு. நான் அதைப் பிரிச்சுக்கூடப் பாக்கல. சீட்டு ஒட்டிட்டேன். பெரிய தப்பு அது'ன்னாரு.

— டீக்குச் சர்க்கரை பத்துதா?

— அக்கா?

— கேட்டுட்டுத்தான் இருக்கேன். டீ ஆறிடும், குடி.

— குடிச்சு முடிச்சுட்டேனே.

— சரி, அப்ப இன்னொண்ணு ஊத்தறேன். நீ சொல்லு. மேல போனாரா?

— போனாரு. போய் ஒண்ணாம் நம்பர பெரியவரு முன்னாடி அவரே விரிச்சு வச்சாரு. முதல் பக்கத்துல அவ கூடாரத்து உச்சியில தொங்கற படம் இருக்கு, தெரியும்ல?

— தெரியும். கீழ ஒரு யானை இருக்கும்.

— அதேதான். 'இதுல இருந்து ஆரம்பிங்க'ன்னாரு மாமா. பெரியவரு வெள்ளை பெயிண்ட்ட எடுத்து வச்சாரு. 'அழிச்சா அழிச்சதுதான் கண்ணாடிக்காரரே, திரும்பி வராது'ன்னாரு. 'தெரியும்'னாரு மாமா. பக்கம் சுருண்டுக்கிட்டே வந்துச்சு. மாமா ரெண்டு விரலை வச்சு அழுத்திப் பிடிச்சாரு, அக்கா. வெறும் விரலை. வெள்ளை பெயிண்ட் போட்டதும் அவ கை போன மாதிரி ஆயிருச்சு, மணிக்கட்டுக்கு மேல ஒண்ணுமே இல்ல. ஒத்தக் கையில தொங்கறா. அது காயற வரைக்கும் ரெண்டு பேரும் அந்த வெள்ளையவே பாத்துட்டிருந்தாங்க.

— இவரு முகம் எப்படி இருந்துச்சு?

— கடையில புதுசா லென்ஸ் மாட்டி விட்டுட்டு, 'இப்பத் தெரியுதா'ன்னு கேட்டுட்டு ஒரு முகத்தோட நிப்பாரு பாரு. அப்படி இருந்துச்சு. அப்புறம் பெரியவரு பிரஷ்ஷ எடுத்தாரு. எட்டு, ஒம்பது கோடுதான். கட்டை விரல் உள்ள வந்துச்சு. மத்த நாலும் கம்பியச் சுத்தி வந்துச்சு. நான் படிக்காதவன், எனக்கு ஓவியம் எல்லாம் தெரியாது. ஆனா அது வரைக்கும் அவ அந்தக் கம்பி மேல கைய ஒட்டி வச்ச மாதிரி இருந்தா. இப்பத்தான் பிடிச்சா.

— ம்.

— மாமா பாக்கெட்ல இருந்த சின்ன லென்ஸ எடுத்து வச்சு அதைப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. 'கிளியரா இருக்கு'ன்னாரு.

— அவரு வாயால?

— அவரு வாயாலதான். நான் சும்மா இருக்காம, 'ஐயா, உங்ககிட்ட இருக்கற முப்பத்தெட்ட மட்டும் இத்தனை வருஷமா ஏன் திருத்தல'ன்னு கேட்டேன். 'ஒருத்தியச் சரி பண்ணிட்டு அறுபத்து மூணு பேரை எங்கேயோ தொங்க விடவா? பண்ணினா எல்லாத்தையும் பண்ணணும் தம்பி, இல்லன்னா கை வைக்கக் கூடாது'ன்னாரு. 'அப்ப இப்ப மட்டும் முப்பத்தெட்ட எங்ககிட்டக் குடுத்துட்டா உங்களுக்கு ஒண்ணு குறையுமே'ன்னேன். 'குறையட்டும். இவரு எனக்காகத் தன்னோடத விட்டுக் குடுக்கலையா? அந்த ஒருத்தி இவருக்காக அப்படியே இருந்துட்டுப் போகட்டும்'னாரு. சொல்லிட்டு, மெழுகுத் தாளோட தூக்கி மாமா கையில குடுத்தாரு. மாமா ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு. இதுதான் நான் பாத்தது.

— நல்ல மனுஷனா இருக்காரேடா.

— நல்ல மனுஷன்தான். அதுக்குள்ள கீழ ஒரே ஹாரன். டயர் கடைக்கு லாரி வந்திருக்கு, என் வண்டி குறுக்கால நிக்குது. ஓடினேன். ரிவர்ஸ் எடுத்து, அடுத்த தெருவுல போட்டுட்டு, அங்க ஒருத்தன்கிட்டச் சண்டையும் போட்டுட்டு வந்தேன். அரை மணி நேரம் ஆயிருக்கும். மாமா அந்தத் துணிப்பையோட கீழ நிக்கறாரு. பெரியவரு மேல ஜன்னல்ல இருந்து கை காட்டறாரு. அவ்வளவுதான் அக்கா. கிளம்பிட்டோம்.

— வழியில வருத்தமா இருந்தாரா? பேசாமலே வந்தாரா?

— நீ வேற. வாய் ஓயல. ஒண்ணாம் நம்பர் கதையை எனக்கு முதல்ல இருந்து சொன்னாரு. சர்க்கஸ் முதலாளியோட மோதிரம் யானைத் தீவனத்துல கெடைச்சுதே, அதுல இருந்து. இத்தனை வருஷம் வச்சிருக்காரு, மனப்பாடமா இருக்கும்னு நெனச்சேன். யார் திருடினதுங்கறதே மறந்து போச்சாம். இன்னைக்குப் படிச்சப்போதான் தெரிஞ்சுதாம்.

— சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி வேஷம் போட்டவன்தான் திருடினான். எனக்கு ஞாபகம் இருக்கு. அந்த மூணு நாள் பேசாம இருந்தாரே, அந்தப் புத்தகம்தான் அது.

— அக்கா, நீ சிரிக்கற.

— அலமாரியப் பாத்தேன். காலியாக் கிடக்கு. கண்ணாடியில என் முகம்தான் தெரியுது. நாளைக்கு வர்றவங்க என்னன்னு கேட்டா, சர்க்கஸ் வெளியூர் போயிருக்குன்னு சொல்ல வேண்டியதுதான்.

— அந்த முப்பத்தெட்டயாவது இன்னைக்கு வைப்பாருல்ல, நடுவுல, தனியா.

— வைக்கட்டும். நானும் பாக்கறேன். இன்னைக்குக் கையக் கழுவிட்டு வரச் சொன்னாருன்னா இருக்கு அவருக்கு. யாரது, செருப்புச் சத்தம் கேக்குதே. வந்தாச்சு. என்னங்க, வாங்க. இப்படி உக்காருங்க. கதையெல்லாம் கேட்டாச்சு.

— எல்லாத்தையும் சொல்லிட்டியா மாப்ள?

— லாரி வந்த வரைக்கும் சொல்லிட்டேன் மாமா.

— எடுங்க, காட்டுங்க. நான் கைய எங்கேயும் வைக்க மாட்டேன். தூரத்துல நின்னே பாத்துக்கறேன்.

— எதை?

— பையிலதான் என்னவோ இருக்காமே. வழியெல்லாம் மடியிலயே வச்சுட்டு வந்தீங்களாம்.

— இதுவா? பெரியவரோட பழைய கண்ணாடிம்மா. பிரேம் நல்லா இருக்கு, அதுலயே புது லென்ஸ் போட்டுத் தரேன்னு வாங்கிட்டு வந்தேன். இப்பப் போட்டிருக்கறதுல அவருக்குப் பவர் பத்தல. தாளை மூக்கு நுனியில வச்சு வரையறாரு. அளவெல்லாம் எடுத்தாச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துட்டா, சுண்டு விரல் வரும்போது அவருக்குக் கஷ்டம் இருக்காது.

— அது சரிங்க. முப்பத்தெட்டு?

— அங்கதான் இருக்கு, மத்த அறுபத்து மூணோட.

— மாமா, உங்க கையில குடுத்தாரே. நான் பாத்தேனே.

— குடுத்தாரு மாப்ள. நான்தான் திருப்பிக் குடுத்துட்டு வந்தேன்.

— கையில வாங்கினத யாராவது திருப்பிக் குடுப்பாங்களா? இருபத்தாறு வருஷமா அது ஒண்ணுக்குத்தானே ஊர் ஊரா அலைஞ்சீங்க. புதுசு மாதிரி இருந்துச்சுன்னு இவன் சொல்றான். அதுல என்னங்க குறை?

— மெழுகுத் தாளப் பிரிச்சுப் பாத்தேன்மா. அதுலயும் அவளுக்கு ரெண்டும் இடது கை.